எஸ்டிபிஎம் 3.42, பொறியியல், யூபியுவில் 12 இடம்: எதை மேலே போடுவது?

பெரட்டுக்களம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்கு எஸ்டிபிஎம் (படிவம் 6 தேர்வு) ரிசல்ட் வந்திருச்சு. பெங்காஜியான் ஆம் (பொதுப் பாடம்) ஏ-, மேத்ஸ் டி பி+, பிசிக்ஸ் பி, கெமிஸ்ட்ரி ஏ-. பிஎன்ஜிகே (சராசரிப் புள்ளி) 3.42. முவெட் (ஆங்கிலத் தேர்வு) பேண்ட் 3.5. புறப்பாட மார்க் 8.2ன்னு சொல்றான். வீட்டுல செம்பனை வெட்டு வருமானம் மட்டும்தான். சிவில் மேல ஆசை, மெக்கானிக்கல் கிடைச்சாலும் சரிங்கிறான். யூபியுல, அதாவது அரசு பல்கலைக்கழக விண்ணப்பத்துல, 12 தேர்வு கேட்குது. பயந்துபோய், உறுதியா கிடைக்கிறதை முதல்ல போட்டுடலாம்னு நிக்கிறான். அது சரியா?

கொம்பாஸ் (ஈப்போ)

சரியில்ல அண்ணே. யூபியு ஒருத்தருக்கு ஒரே ஒரு இடம்தான் தரும். மெரிட்டைப் பார்த்து, நீங்க கேட்ட வரிசையையும் பார்த்துதான் தரும். 1ல போட்டது கிடைச்சிட்டா கீழ உள்ள 11ம் அதோட முடிஞ்சுது. உறுதியானதை 1ல போட்டா அதுதான் கைக்கு வரும். பிறகு "எனக்கு யூடிஎம் மெரிட் இருந்துச்சே"ன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல. ஆசைப்பட்டது மேலே, உறுதியானது அடியில. 12ல எதுவுமே வேண்டாதது இருக்கக் கூடாது. வேண்டாததைப் போட்டு அதுவே வந்துட்டா, மறுத்துட்டு ராயுவான் (மேல்முறையீடு) பின்னாடி ஓடணும்.

முதல்ல மெரிட்டைக் கணக்குப் போடுங்க. 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம்.

3.42 ÷ 4.00 × 90 = 76.95
அதோட 8.2 சேர்த்தா 85.15

இதுதான் பையனோட எண். இனி எல்லாத்தையும் இதை வச்சுப் பாருங்க.

செம்பனைக்குலை (கோலக் கங்சார்)

85.15 கையில வந்த உடனே எல்லாரும் செய்ற தப்பு ஒன்னு இருக்கு. யூபியுவோட இணைய வழிகாட்டியான இ-பண்டுவான்ல ஒவ்வொரு படிப்புக்கும் பக்கத்துல "பூராத்தா மார்க்கா மெரிட்"ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. அதைக் குறைந்தபட்ச மார்க்குன்னு நினைச்சு, 87ன்னு இருந்தா "நமக்கு எட்டாது"ன்னு விட்டுடுவாங்க. பூராத்தான்னா சராசரி. உள்ளே போனவங்களோட சராசரி அது. அதுக்குக் கீழ மார்க் வாங்கினவங்களும் உள்ள இருக்காங்க, இல்லாட்டி அது எப்படி சராசரியாகும்?

அதனால 85.15 காரனுக்கு 87 உள்ள இடம் எட்டாத கனி இல்ல, முயற்சி பண்ணிப் பார்க்கிற இடம். 93 உள்ளது வேற கதை. நான் சொல்றது: 3 இடம் தன் மெரிட்டுக்கு மேலே, 6 இடம் சுத்துவட்டாரத்துல, 3 இடம் தாராளமா கீழே. போன வருச எண் இந்த வருசமும் அப்படியே நிக்கும்னு யாரும் உறுதி தர முடியாது. கேட்கிறவங்க கூட்டம் மாறினா அதுவும் மாறும்.

இன்னொன்னு. யுஐடிஎம்-ஐ பட்டியல்ல தேட வேணாம், அது பூமிபுத்ராவுக்கு.

படிவம்6ஆசிரியை (பேராக்)

மெரிட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது தகுதி வரி. மெரிட் 95 இருந்தாலும் தகுதி வரியில் ஒரு சொல் தவறினால் அந்தத் தேர்வு வீண். கணினி மன்னிக்காது.

இரண்டு வகைத் தகுதி உண்டு. "ஷாராட் ஆம்" எல்லாருக்கும் பொது: எஸ்பிஎம் (படிவம் 5 தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட், எஸ்டிபிஎம் பிஎன்ஜிகே குறைந்தது 2.00, பெங்காஜியான் ஆமிலும் இன்னும் இரண்டு பாடங்களிலும் குறைந்தது சி, அதோடு முவெட். இந்தப் பையனுக்கு இதில் பிரச்சினை இல்லை. சிக்கல் வருவது "ஷாராட் காஸ்" என்ற சிறப்புத் தகுதியில்தான். அது படிப்புக்குப் படிப்பு, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஒரே சிவில் படிப்புக்கு ஓரிடத்தில் மேத்ஸ் டியில் சி போதும் என்பார்கள், இன்னோரிடத்தில் பி கேட்பார்கள். என்ஜிஎம்பி (ஒரு பாடத்தின் மதிப்புப் புள்ளி) எண்ணாகப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்: 2.00 என்றால் சி, 2.33 சி+, 2.67 பி-, 3.00 பி, 3.33 பி+, 3.67 ஏ-.

வரியைப் படிக்கும்போது "டான்", "அத்தாவ்" இரண்டையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். "மேத்ஸ் டி டான் பிசிக்ஸ்" என்றால் இரண்டும் வேண்டும். "பிசிக்ஸ் அத்தாவ் கெமிஸ்ட்ரி" என்றால் ஒன்று போதும். படிவம் 6-இல் பயோலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் டி எடுத்து பிசிக்ஸை விட்ட மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சில படிப்புகள் எஸ்பிஎம் பிசிக்ஸ் கிரெடிட்டை வைத்து வழிவிடும், சில விடாது. வரி வரியாகப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

பிறகு வரிக் கடைசியில் சின்னதாக வரும் இரண்டு விஷயம். "தீடாக் பூத்தா வார்னா" என்றால் நிறக்குருடு இருக்கக் கூடாது. மின்னியல், கெமிக்கல் பக்கம் இதை அடிக்கடி பார்க்கலாம். கம்பி நிறத்தையும் ரசாயன நிறமாற்றத்தையும் பிரித்தறிய வேண்டிய வேலை என்பதால் இந்த நிபந்தனை. லேசான சிவப்பு–பச்சைக் குறைபாடு இருக்கும் பையன்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. பதிவு நாள் மருத்துவப் பாரத்தில் தெரியவந்தால் தாமதம். விண்ணப்பிப்பதற்கு முன்பே கிளினிக்கில் இஷிஹாரா புத்தகம் காட்டிப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று "தெமு டுகா". நேர்முகம் உள்ள படிப்பைப் பட்டியலில் போட்டுவிட்டு, அழைப்பு வந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால் அந்த இடம் போனதுதான்.

பெரட்டுக்களம்

டீச்சர், நன்றி. பையனுக்கு பிசிக்ஸ் பி, மேத்ஸ் டி பி+ இருக்கிறதால பெரும்பாலும் தப்பிச்சுக்குவான்னு தெரியுது. ஒரு சந்தேகம். பட்டியல்ல "கெஜுருத்தெராஆன் மெக்கானிக்கல்"னு ஒன்னு, "தெக்னோலொகி கெஜுருத்தெராஆன் மெக்கானிக்கல்"னு ஒன்னு இருக்கு. ரெண்டும் ஒன்னுதானா? சராசரி மெரிட் ரெண்டாவதுல கொஞ்சம் கம்மியா இருக்கு.

கொம்பாஸ்

ஒன்னு இல்ல! இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த இழையைத் திறந்திருக்கலாம்.

"கெஜுருத்தெராஆன்"னு மட்டும் இருந்தா பொறியியல் பட்டம். அதை அங்கீகரிக்கிறது இஏசி, அதாவது பொறியியல் அங்கீகார மன்றம். மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009ல் முழு உறுப்பினர் ஆச்சு. அதனால இஏசி முத்திரை உள்ள பட்டத்தை மத்த உறுப்பு நாடுகளும் ஏத்துக்கும். படிச்சு முடிச்சதும் பிஇஎம்ல, அதாவது மலேசியப் பொறியியலாளர் வாரியத்துல, பட்டதாரிப் பொறியியலாளரா பதியலாம். பிறகு குறைஞ்சது 3 வருச அனுபவம், தொழில்முறை மதிப்பீடு எல்லாம் தாண்டினா தொழில்முறைப் பொறியியலாளர்னு பேருக்கு முன்னாடி "ஐஆர்" போட்டுக்கலாம்.

"தெக்னோலொகி கெஜுருத்தெராஆன்" பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். அதை அங்கீகரிக்கிறது இடிஏசி, அதுக்கான உடன்படிக்கை சிட்னி உடன்படிக்கை. பிஇஎம்ல பதிவு உண்டு, ஆனா பொறியியல் தொழில்நுட்பவியலாளர் என்ற வேற வகையில. எம்பிஓடி, அதாவது மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், பக்கமும் பதியலாம், 2015 சட்டத்துல வந்த வாரியம் அது.

சிவில் கேட்கிற பையனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கட்டட வரைபடத்துல கையெழுத்துப் போட்டு ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பணும்னா தொழில் நடத்தும் சான்றிதழ் உள்ள தொழில்முறைப் பொறியியலாளரா இருக்கணும். அந்தப் பாதை இஏசி பட்டத்துல இருந்துதான் நேரா போகுது.

செம்பனைக்குலை

கொம்பாஸ் சொல்றது சிவிலுக்கு நூத்துக்கு நூறு. மெக்கானிக்கலுக்கு அவ்வளவு கறாரா சொல்ல மாட்டேன். பாயான் லெப்பாஸ், கூலிம் ஹைடெக் பக்கம் தொழிற்சாலையில லைன் பராமரிப்பு, தானியங்கி, தர சோதனை வேலைக்கு ரெண்டு பட்டத்தையும்தான் எடுக்கிறாங்க. அங்க யாரும் வரைபடத்துல கையெழுத்துப் போடப் போறதில்ல. பட்டறையில கையை வச்சுப் பழகணும்னு இருக்கிற பிள்ளைக்குத் தொழில்நுட்பப் பட்டம் பொருந்தும். மெரிட் கம்மியா இருக்கேன்னு தெரியாமப் போய் விழறதுதான் தப்பு. தெரிஞ்சு எடுத்தா தப்பில்ல.

கொம்பாஸ்

ஒத்துக்கிறேன். ஆனா சிவிலுக்கு அந்தப் பேச்சே இல்ல, "தெக்னோலொகி" போடவே கூடாது.

இஏசி பட்டியலைப் பார்க்கிறப்போ இன்னும் ஒன்னு: படிப்பு பேர் இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, பக்கத்துல உள்ள ஆண்டையும் பாருங்க. அங்கீகாரம் எப்பவும் கால எல்லையோடதான். புதுசா திறந்த படிப்புக்கு முதல் அணி இறுதி ஆண்டுக்கு வர்றப்போதான் முழு மதிப்பீடு நடக்கும். அதனால புதுப் படிப்பு பட்டியல்ல இல்லாம இருக்கலாம். அது மோசடின்னு அர்த்தம் இல்ல, ஆபத்து இருக்குன்னு அர்த்தம். அரசு பல்கலைக்கழகத்துல இந்த ஆபத்து கம்மி. தனியாரில காசு கட்டறதுக்கு முன்னாடி கட்டாயம் பார்க்கணும்.

பெரட்டுக்களம்

அப்போ சிவில் எங்கெங்க இருக்கு?

கொம்பாஸ்

யூஎம், யூடிஎம் ஸ்கூடாய், யூகேஎம் பாங்கி, யூபிஎம் செர்டாங், யூஎஸ்எம், யூடிஎச்எம், யூஎம்பிஎஸ்ஏ, யூனிமாப், யூனிமாஸ், யூஎம்எஸ், யூபிஎன்எம். யூஎஸ்எம்னு போட்டா பினாங்கு தீவுல படிக்கலாம்னு நினைச்சிடாதீங்க, பொறியியல் வளாகம் நிபோங் திபால்ல இருக்கு. சுங்கை சிப்புட்டுக்கு அது வசதிதான். யூடிஎச்எம் பாரிட் ராஜா, ஜொகூர். யூனிமாப் பெர்லிஸ், ஆராவ் வரைக்கும் ரயில்ல போயிடலாம். யூதெம் பக்கம் போறதுன்னா மெக்கானிக்கல், உற்பத்தி, மின்னியல். யூனிமாஸும் யூஎம்எஸும் கடல் தாண்டி, ஒவ்வொரு விடுமுறைக்கும் விமான டிக்கெட். மெரிட் தாராளமா இருக்குன்னு 10, 11ல போடறவங்க அந்தச் செலவையும் சேர்த்து எண்ணணும்.

லயத்துவீடு (தாப்பா)

படிப்பைப் பத்தி நிறைய பேசிட்டீங்க. தோட்டத்துப் பிள்ளைங்க விண்ணப்பம் கவுறது பெரும்பாலும் பாரத்துல.

பேர். ஐசியில "ஏ/எல்", எஸ்பிஎம் சான்றிதழ்ல வேற மாதிரி, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு எழுத்துக் கூடுதல். எது ஐசியில இருக்கோ அதை அப்படியே போடுங்க. மத்த பத்திரம் மாறி இருந்தா பதிவு நாளுக்கு முன்னாடி பள்ளியில அல்லது பதிவிலாகாவுல சரி பண்ணுங்க.

முவெட் ஆங்கா கிலிரான். எஸ்டிபிஎம் எண்ணும் முவெட் எண்ணும் வேற வேற. முவெட்டை ரெண்டு தடவை எழுதியிருந்தா எந்தத் தடவை நல்ல பேண்டோ அந்தத் தடவையோட எண்ணையும் ஆண்டையும் போடணும். தப்பா அடிச்சா ஆங்கிலத் தகுதியே இல்லாத மாதிரி ஆகிடும்.

மின்னஞ்சல், கைப்பேசி. மாமா மின்னஞ்சல், பள்ளி மின்னஞ்சல் வேண்டாம். பிரீபெய்ட் சிம் காசு போடாம செத்துப்போற சிம்மா இருக்கக் கூடாது. தோட்ட முகவரிக்குக் கடிதம் ஆபீசுக்குப் போய், கிராணி மேசையில ரெண்டு வாரம் தூங்கும். எல்லாத் தகவலும் இணையத்துலதான், நாமதான் போய்ப் பார்க்கணும்.

வருமானம். வெட்டுக்கூலி மாசத்துக்கு மாசம் மாறும், மழை மாசத்துல பாதிதான் வரும். நல்ல மாசத்து பே ஸ்லிப் ஒன்னை மட்டும் பார்த்து எண்ணைப் போடாதீங்க, கையில உள்ள ஸ்லிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுங்க. குத்தகைக்காரரிடம் வேலை செய்றவங்களுக்கு ஸ்லிப்பே இருக்காது. வருமான உறுதிக் கடிதம் வேணும். யார் கையெழுத்து செல்லும்னு பாரத்திலேயே எழுதியிருக்கும், அதைப் படிச்சிட்டு ஆளைத் தேடுங்க. தோட்ட மேனேஜர் கையெழுத்து எல்லா இடத்துக்கும் செல்லும்னு நினைச்சுப் போய்த் திரும்பி வர்றது வழக்கம்.

கைப்பேசியில 12 தேர்வையும் நிரப்ப முயற்சி பண்ணாதீங்க, பக்கம் பாதியில செத்துடும். ஊர்ல நாடி மையம் (சமூக இணைய மையம்) இருந்தா அங்க கணினியில உட்காருங்க. முடிச்சதும் ஸ்லிப்பை பிடிஎஃப்பா சேமிச்சு, ஒரு தாள்ல அச்சடிச்சு வையுங்க. கடைசி நாள் ராத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கு நாடே அந்தப் பக்கத்துல நிக்கும்.

சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி) வச்சிருக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா இது 18 வயசுல தொடங்கற வேலை இல்ல. யூபியு குடிமக்களுக்கு மட்டும். 12 வயசிலேயே பதிவிலாகா படியேறுங்க.

மஞ்சக்கொன்றை (பாகான் செராய்)

இழையைத் திருப்புறதுக்கு மன்னிக்கணும். என் மகள் இப்போ படிவம் 3. பொறியியல்னு சொல்றா. இப்பவே என்ன பார்க்கணும்?

படிவம்6ஆசிரியை

படிவம் 4 பாடத்தேர்வு, அம்மா. கூடுதல் கணிதம், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் இருக்க வேண்டும். இப்போது பழைய மாதிரி அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இல்லை, பாடத் தொகுப்பாகத் தருகிறார்கள். சின்ன ஊர்ப் பள்ளியில் ஆள் சேராவிட்டால் கூடுதல் கணித வகுப்பே திறக்காமல் போகலாம். படிவம் 3 முடிவதற்குள் பள்ளியில் கேட்டு, இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றம் கேளுங்கள். படிவம் 4 பாதியில் கேட்டால் கதவு மூடியிருக்கும். தமிழ்மொழியும் இலக்கியமும் எடுக்கட்டும், ஆனால் அவற்றுக்கு இடம் விட கூடுதல் கணிதத்தை விட்டுவிடக் கூடாது.

எஸ்பிஎம்முக்குப் பிறகு மூன்று பாதை. மெட்ரிகுலேஷன் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம். கெடா, பகாங், ஜொகூரில் பொறியியலுக்கென்றே மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் உள்ளன. மற்ற கல்லூரியில் இடம் கிடைத்தால் பிசிக்ஸ் உள்ள மொடியூலா என்று பார்த்துச் சேருங்கள். 2024-இல் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு உறுதி இல்லை, அதனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். படிவம் 6 மூன்று பருவம், ஒன்றரை வருடம், உள்ளூரிலேயே படிக்கலாம். மூன்றாவது டிப்ளோமா. உங்கள் பக்கம் ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது. மேத்ஸில் கிரெடிட் இருந்து, பட்டறை வேலை பிடித்த பிள்ளைக்கு நல்ல பாதை. ஆனால் பட்டம் வரை போக ஒரு வருடமாவது கூடும்.

செம்பனைக்குலை

டீச்சர் விட்ட ஒன்னு: புறப்பாடம். கிளப், சீருடை இயக்கம், விளையாட்டு மூனுலயும் வருகை வேணும். தோட்டத்துப் பிள்ளைங்க பள்ளி பஸ் 1.30க்குப் போயிடும்னு மாலை நடவடிக்கைக்கு நிக்க மாட்டாங்க. அந்த வருகைதான் மார்க். ஒரு புறப்பாட மார்க் எவ்வளவு பெறும்னு பார்த்தா ஆச்சரியப்படுவீங்க. பிஎன்ஜிகேயில ஒரு புள்ளி 22.5 மெரிட். அப்படின்னா ஒரு புறப்பாட மார்க், பிஎன்ஜிகேயில கிட்டத்தட்ட 0.044. ஒரு பாடத்தை பியில இருந்து பி+ ஆக்கினா பிஎன்ஜிகே 0.08தான் ஏறும், அது 1.86 மெரிட். ரெண்டு புறப்பாட மார்க், ஒரு பாடத்துல ஒரு படி ஏறினதைவிட கொஞ்சம் கூட.

லயத்துவீடு

பணத்தைப் பத்தி யாரும் பேசல. பிடிபிடிஎன் (அரசு உயர்கல்விக் கடன்) பணம் பதிவு நாள் அன்னைக்குக் கையில வராது. ஆனா செலவு அன்னைக்கே தொடங்கிடும். பி40 (குறைந்த வருமான) குடும்பத்துக்கு முன்பணமா 1,500 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம், டபிள்யூபிபின்னு சொல்வாங்க. அதுக்கு எஸ்டிஆர் (அரசு ரொக்க உதவி) பெறுநர் பட்டியல்ல அப்பா பேர் இருக்கான்னு முன்னமே பாருங்க. எஸ்எஸ்பிஎன் (கல்விச் சேமிப்பு) கணக்கு பிள்ளை பேர்ல திறந்திருக்கணும். திறக்கிறது பெரிய காசு இல்ல, கடைசி நேரத்துல ஓடறதுதான் கஷ்டம். கடனுக்கு வருசம் 1 விழுக்காடு சேவைக் கட்டணம். முதல் வகுப்பு பட்டம் எடுத்தா திருப்பிக் கட்ட விலக்குக் கேட்கலாம்னு நினைவுல இருக்கட்டும். ஜேபிஏவோட (பொதுச்சேவைத் துறை) பி40 டெர்மாசிஸ்வா உதவித்தொகையும் இருக்கு. அது கிடைச்சா பிடிபிடிஎன் வேண்டாம்.

பெரட்டுக்களம்

எல்லாரும் சொன்னதை வச்சுப் பட்டியல் போட்டாச்சு. 1 முதல் 3 யூஎம், யூடிஎம், யூஎஸ்எம் சிவில். 4 முதல் 9 யூகேஎம், யூபிஎம், யூடிஎச்எம் சிவில், யூஎஸ்எம், யூடிஎச்எம், யூஎம்பிஎஸ்ஏ மெக்கானிக்கல். 10 முதல் 12 யூனிமாப் சிவில், யூஎம்பிஎஸ்ஏ சிவில், யூனிமாப் மெக்கானிக்கல். "தெக்னோலொகி" ஒன்னும் இல்ல. டீச்சர் சொன்ன மாதிரி ஒவ்வொன்னுக்கும் தகுதி வரியைப் பென்சிலால வட்டமிட்டுப் பார்த்தான்.

கொம்பாஸ்

ஒரு சின்ன மாற்றம். சிவில்தான் ஆசைன்னா யூஎம்பிஎஸ்ஏ சிவிலை ஏன் மூனு மெக்கானிக்கலுக்குக் கீழ போட்டீங்க? 7ல மெக்கானிக்கல் கிடைச்சா சிவில் போச்சு. சிவில் எல்லாத்தையும் மேலே, மெக்கானிக்கலைக் கீழே. இல்ல, வீட்டுக்குப் பக்கமா நிபோங் திபால்ல மெக்கானிக்கலே போதும்னா இப்படியே விடுங்க. அது உங்க வீட்டு முடிவு.

பெரட்டுக்களம்

சிவில்தானாம். மாத்தியாச்சு. ஆனா இப்போ ஒரு குழப்பம். பள்ளியில புறப்பாட ஸ்லிப் வாங்கிட்டு வந்தான். 8.2 இல்ல, 7.2ன்னு இருக்கு. சீருடை இயக்கத்துக்கு அவன் மாநில அளவு போனது அதுல ஏறவே இல்ல.

படிவம்6ஆசிரியை

மாநில அளவுச் சான்றிதழின் நகலோடு நாளைக் காலையிலேயே புறப்பாட ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்க்கை ஏற்றுவது பள்ளி, யூபியுவில் நாம் திருத்த முடியாது. பள்ளி தரவு அனுப்பும் தேதி தாண்டிவிட்டால் 84.15 உடன்தான் போக வேண்டியிருக்கும்.

செம்பனைக்குலை

84.15ன்னா 10 முதல் 12ஐ இன்னொரு தடவை சரிபாருங்க, தாராளமா கீழேன்னு நினைச்சது சுத்துவட்டாரத்துக்கு வந்துடும். பையன் ஹந்தார் (அனுப்பு) பட்டனை இன்னும் அழுத்தல தானே?

பெரட்டுக்களம்

அழுத்தல. ஆசிரியரைப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.